செல்லுக்குள் தேங்கும் சரக்கு: லைசோசோம் நோய்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

செல்லின் செரிமானப் பையான லைசோசோமில், பிரிக்க வேண்டிய பொருள் பிரியாமல் தேங்குவதால் வருபவை லைசோசோம் சேமிப்பு நோய்கள். அவை குறித்து வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடியவை இங்கே.

கேள்வி: லைசோசோமைத் ‘தற்கொலைப் பை’ என்று வகுப்பில் நடத்துகிறேன். ஒரு என்சைம் குறைந்தால் பை இன்னும் சாதுவாகத்தானே ஆக வேண்டும்? பிறகு செல் எப்படிக் கெடுகிறது?
– உயிரியல் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: அந்தப் பெயர் தேர்வில் மதிப்பெண் வாங்கித் தரும், இந்த நோய்களைப் புரிந்துகொள்ளக் குறுக்கேதான் நிற்கும். பெல்ஜியத்தில் கிறிஸ்டியன் டி டூவே 1955-ல் லைசோசோமை அடையாளம் கண்டு பெயரிட்டார். 1974-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பையின் உள்ளே பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; குறைந்தால் அமிலம் அதிகம்) 4.5 முதல் 5 வரை, வெளியே செல்திரவத்தில் 7.2. சவ்வில் இருக்கும் புரோட்டான் பம்ப், ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுகிறது. உள்ளே இருக்கும் சுமார் 60 வகை நொதிகள் (என்சைம்கள்) அந்த அமிலத்தில்தான் முழு வேகத்தில் ஓடும். லேசாகக் கசிந்து வெளியே வந்தால் பெரும்பாலும் மந்தமாகிவிடும். ஆகவே பை வெடித்துச் செல் சாவது அபூர்வம். அன்றாடம் நடப்பது வேறு: தேய்ந்துபோன சவ்வு, பழைய மைட்டோகாண்ட்ரியா, வெளியிலிருந்து விழுங்கியவை எல்லாம் இங்கே வந்து சர்க்கரையாக, கொழுப்பு அமிலமாக, அமினோ அமிலமாகப் பிரிந்து, மறுபயனுக்காகச் செல்லுக்குத் திரும்பிப் போகின்றன.

ஒரே ஒரு நொதி இல்லாவிட்டால் ஏன் எல்லாம் நிற்கிறது என்பதற்கு ஹெப்பரான் சல்ஃபேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது நீண்ட சர்க்கரைச் சங்கிலி. நுனியிலிருந்து ஒவ்வொரு கண்ணியாகக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு வகைக் கண்ணிக்கும் தனி நொதி. நான்காவதைக் கழற்றும் நொதி இல்லையென்றால் ஐந்தாவது, ஆறாவது நொதிகள் நல்ல நிலையில் இருந்தும் அவற்றுக்கு வேலை வராது. சங்கிலி அந்த இடத்திலேயே நின்று, பை நாளுக்கு நாள் வீங்கும். பாம்ப் நோயில் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதி இல்லாததால் லைசோசோமில் கிளைக்கோஜன் சேர்கிறது என்று 1963-ல் ஹென்றி-ஜெரி ஹெர்ஸ் காட்டினார். இந்த நோய்க் குடும்பத்துக்கே அதுதான் திறவுகோலாக அமைந்தது.

வீக்கம் முதல் கட்டம்தான். அடைபட்ட லைசோசோமுடன், செல்லின் பழுதான பாகங்களைச் சுற்றிக் கொண்டுவரும் தன்விழுங்கல் பைகள் சரியாக இணைய முடியாது. அதனால் பழுதான மைட்டோகாண்ட்ரியா அகற்றப்படாமல் செல்லுக்குள்ளேயே சுற்றும். ‘உணவு இருக்கிறது, வளரலாம்’ என்று செல்லுக்குச் சொல்லும் எம்டார் புரத அமைப்பு லைசோசோமின் மேற்பரப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கணக்கும் குழம்புகிறது. சில நோய்களில் தேங்கும் பொருளே நஞ்சு. கிராபே நோயில் சேரும் சைக்கோசின், நரம்புக்கு மயலின் உறை கட்டும் செல்களைக் கொல்கிறது. அங்கே பை வீங்கி முட்டும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நொதியின் ஜீன் நன்றாக இருந்தும் நோய் வரலாம். ஐ-செல் நோயில் நொதிகள் எல்லாம் உற்பத்தியாகின்றன. ஆனால் லைசோசோமுக்குப் போகவேண்டியவை என்று காட்டும் மேனோஸ்-6-பாஸ்பேட் குறி அவற்றின்மேல் ஏறுவதில்லை. விளைவு, நொதிகள் ரத்தத்தில் பல மடங்கு, செல்லுக்குள் கிட்டத்தட்ட சூன்யம். சிஸ்டினோசிஸில் இன்னொரு வகைக் கோளாறு: பிரித்தெடுத்த சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தை வெளியே அனுப்பும் வழி அடைபட்டு, அது பைக்குள்ளேயே படிகமாகிறது.

கேள்வி: எல்லாச் செல்லிலும் லைசோசோம் உண்டு. அப்படியிருக்க ஒரு நோய் மூளையையும் மற்றொன்று எலும்பையும் தேர்ந்தெடுப்பது ஏன்?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: எந்தச் செல் அந்தப் பொருளை அதிகம் கையாள்கிறதோ அந்தச் செல்தான் முதலில் அடிவாங்கும். ஜி.எம்.2 கேங்ளியோசைடு என்ற கொழுப்பு நரம்புச் செல்லில் ஓயாமல் புரளும் பொருள். அதை உடைக்கும் ஹெக்சோசமினிடேஸ்-ஏ இல்லாத டே-சாக்ஸ் குழந்தை, முதல் சில மாதங்கள் சாதாரணமாக வளர்ந்து, பிறகு சிறு சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போட்டு, கற்ற அசைவுகளை ஒவ்வொன்றாக இழக்கும். கிளைக்கோஜன் தசையின் சரக்கு. எனவே பாம்ப் நோயில் இதயமும் உதரவிதானமும். குருத்தெலும்பு, இதய வால்வு, விழிவெண்படலம் இவற்றின் கட்டுமானத்தில் சர்க்கரைச் சங்கிலிகள் அதிகம். எனவே ஹர்லர் நோயில் அவை.

எவ்வளவு நொதி மிச்சம் என்பதும் முக்கியம். பெற்றோரில் பாதியளவுதான் இருக்கும், அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. பல நோய்களில் 10–15 சதவீதம் இருந்தாலே செல் சமாளித்துவிடும். அதற்குக் கீழே ஒவ்வொரு சதவீதமும் வயதைத் தீர்மானிக்கும்: பூஜ்யத்துக்கு அருகில் என்றால் கைக்குழந்தையிலேயே, 5 சதவீதம் போல இருந்தால் நாற்பது வயதில்கூட நோய் வெளிப்படலாம்.

கேள்வி: நாலு வயசுப் பேத்திக்கு ஒரு வருஷமாக வயிறு உப்பிக்கொண்டே வருகிறது. ரத்தம் குறைவு என்று இரும்பு டானிக் கொடுத்தோம், ஏறவில்லை. எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்துவிட்டுக் ‘கோஷே நோயாக இருக்கலாம், கொழுப்பு சேர்கிறது’ என்கிறார்கள். நெய், முட்டை, தேங்காய் நிறுத்திவிட்டேன். சரிதானா?
– ஒரு பாட்டி, திருநெல்வேலி

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா, இன்றே திரும்பக் கொடுங்கள். சேர்வது நெய்யிலிருந்து வந்த கொழுப்பு அல்ல. நம் உடம்பின் சிவப்பணு, வெள்ளையணு ஒவ்வொன்றுக்கும் கொழுப்பால் ஆன சவ்வு உண்டு. ஆயுள் முடிந்த அணுக்களை மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் விழுங்கிப் பிரிக்கின்றன. அதில் கடைசிக் கட்டத்துக்கு முன் வரும் குளுக்கோசெரிப்ரோசைடு என்ற கொழுப்பை உடைக்கும் நொதிதான் கோஷே நோயில் குறைவு. பட்டினி போட்டாலும் ரத்த அணுக்கள் தினமும் பழையதாகும், தினமும் அது சேரும். ஏற்கெனவே எடையும் உயரமும் பின்தங்கும் குழந்தைக்கு முட்டையை நிறுத்துவது இரட்டை நஷ்டம்.

இந்த மேக்ரோஃபேஜ்கள் கூட்டமாக இருக்கும் இடங்கள் மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை. அதனால்தான் மண்ணீரல் தொப்புள்வரை இறங்குகிறது. பெருத்த மண்ணீரல் நல்ல அணுக்களையும் பிடித்து வைத்துக்கொள்கிறது; மஜ்ஜையிலோ அணுக்கள் உற்பத்தியாக இடமில்லை. இரண்டும் சேர்ந்து ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் இறங்குகின்றன. இரும்புச் சத்து குறைந்ததால் வந்த சோகை இது அல்ல. இந்த நோயில், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். அதைப் பார்க்காமல் டானிக் பாட்டிலை மாற்றி மாற்றி வாங்குவதில் பயனில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை சில. ‘கட்டி விழுந்திருக்கிறது’ என்று வயிற்றைத் தடவி உருவிவிட யாரிடமும் கொண்டுபோகாதீர்கள். பெருத்த மண்ணீரல் அழுத்தத்தில் கிழியும். உயரத்திலிருந்து குதிப்பது, முட்டி மோதும் விளையாட்டு வேண்டாம். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் பிளேட்லெட் வேலையைக் கெடுக்கும். தொடை எலும்பில் திடீரென்று தாங்க முடியாத வலியும் காய்ச்சலும் வந்தால் அது எலும்பின் ரத்த ஓட்டம் தடைபட்ட நிலையாக இருக்கலாம். பார்ப்பதற்குச் சீழ்க்கட்டு மாதிரியே இருக்கும், ஆகவே அறுவை செய்யும் முன் மருத்துவரிடம் கோஷே என்று சொல்லியே ஆக வேண்டும். மண்ணீரலை எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், நொதி மருந்து கிடைக்க வழியிருக்கும்போது அதற்கு ஒப்புக்கொள்ளத் தயங்குங்கள்: ரத்த எண்ணிக்கை ஏறும், ஆனால் தேங்கும் பொருள் எலும்பிலும் கல்லீரலிலும் போய்ச் சேரும், சில கிருமித் தொற்றுகளும் ஆபத்தாகும்.

மஜ்ஜை அறிக்கையோடு நின்றுவிடாதீர்கள். கசங்கிய காகிதம்போல் தோன்றும் அந்தச் செல்கள் வேறு சில ரத்த நோய்களிலும் தெரியும். ரத்தத்தில் நொதி அளவைப் பார்த்தால்தான் உறுதி. பிறகு ஜீன் சோதனை. இந்தியக் குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படும் எல்444பி மாற்றம் இரு பிரதியிலும் இருந்தால் மூளையும் பாதிக்கப்படலாம். அதற்கு வீட்டிலேயே தெரியும் ஓர் அடையாளம்: பக்கவாட்டில் இருக்கும் பொருளைப் பார்க்கச் சொன்னால் கண்ணை நகர்த்தாமல் தலையை வெட்டித் திருப்பும். அப்படி இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஆய்வகத்துக்கு நொதிச் சோதனை மாதிரி அனுப்புகிறோம். ‘மாதிரி பழுது’ என்று அடிக்கடி திரும்புகிறது. எங்கே தவறு?
– ஆய்வக நுட்பர், சேலம்

பதில்: அளப்பது ஒரு பொருளின் அளவை அல்ல, உயிரோடு இருக்கும் புரதத்தின் வேகத்தை. சோடியம் அளக்கும் பழக்கத்தில் இதைக் கையாண்டால் திரும்பத்தான் வரும். சோதனையில் 4-மெத்தில் அம்பெலிஃபெரில் ஒட்டிய செயற்கைப் பொருளை அமில பஃபரில் நொதியோடு சேர்த்து 37 டிகிரியில் வைப்பார்கள். நொதி அதை வெட்டினால், காரம் சேர்த்து நிறுத்தியதும் நீல ஒளிர்வு கிடைக்கும். ஒரு மணி நேரத்தில், ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எத்தனை நானோமோல் என்று கணக்கு. வழியில் நொதி வெந்துபோயிருந்தால் ஒளிர்வு குறையும், நோயில்லாதவருக்கும் நோய் என்று வரும்.

வெள்ளையணு சோதனைக்குப் பொதுவாக ஹெப்பரின் குழாயில் 4–5 மில்லி. ஜீன் சோதனைக்கு ஈ.டி.டி.ஏ. குழாயில் 2–3 மில்லி தனியாக. (உங்கள் ஆய்வகம் எந்தக் குழாய் கேட்கிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.) முழு ரத்தத்தை உறைய வைக்கக் கூடாது, உறைந்து உருகினால் வெள்ளையணுவைப் பிரிக்க முடியாது. ஜெல் பைகளோடு 4 டிகிரி அளவில், குழாய் நேராக ஐஸைத் தொடாதபடி துணி சுற்றி, 24 முதல் 48 மணிக்குள் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கூரியரில் போட்ட மாதிரி ஞாயிறு முழுதும் கிடங்கில் கிடக்கும். திங்கள் முதல் புதன்வரை மட்டும் ரத்தம் எடுப்பது என்று வைத்துக்கொண்டாலே பாதித் தலைவலி தீரும்.

உலர்ரத்த அட்டை என்றால் வட்டம் பின்பக்கம்வரை ஊறும்படி ஒரே துளியாக வைத்து, படுக்கைவாட்டில் அறை வெப்பத்தில் 3–4 மணி நேரம் காய வையுங்கள். வெயிலில் வைப்பதும் ஹேர் டிரையர் அடிப்பதும் நொதியைக் கொல்லும். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் மூடினாலும் அப்படியே. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம் கட்டாயம்.

ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிடுங்கள். ஏற்றிய பின் கொடையாளியின் அணுக்களும் கலந்து வரும். மண்ணீரல் பெருத்தவர்களுக்கு வெள்ளையணுவே குறைவாக இருப்பதால் அட்டைச் சோதனையில் அளவு பொய்யாகத் தாழும். அது முதல் சல்லடை மட்டும். புரத அளவுக்குச் சரிசெய்த வெள்ளையணுச் சோதனைதான் தீர்ப்பு. அறிக்கையில் இரண்டாவதாக ஒரு ஒப்பீட்டு நொதி இருக்கிறதா பாருங்கள். அதுவும் தாழ்ந்திருந்தால், இரண்டு முடிவுகளையும் நம்பாதீர்கள். ஒப்பீட்டு நொதி இல்லாத அறிக்கையை வைத்து ஒரு குடும்பத்துக்குச் செய்தி சொல்வது நியாயமல்ல.

கேள்வி: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நொதி ஊசி என்கிறார்கள். மொத்தமாக ஏற்றி முடித்துவிட முடியாதா? ஏன் மூளைக்குப் பயன்படாது?
– வாசகர், ஈரோடு

பதில்: நொதி என்பது புரதம். ரத்தத்தில் சில நிமிடங்கள்தான் நிற்கும், செல்லுக்குள் நுழைந்த பிறகும் சில நாட்களில் சிதையும். ஜீன் மாறவில்லை என்பதால் செல் புதிதாகச் செய்யப்போவதும் இல்லை.

வெளியிலிருந்து கொடுத்தால் உள்ளே போகும் என்பதே பெரிய கண்டுபிடிப்பு. 1968-ல் அமெரிக்காவில் எலிசபெத் நியூஃபெல்டும் உடனிருந்தவர்களும், ஹர்லர் நோயாளி, ஹன்ட்டர் நோயாளி (அதே சர்க்கரைச் சங்கிலிகள் தேங்கும், ஆனால் வேறொரு நொதி குறைந்த நோய்) இருவரின் தோல் செல்களையும் ஒரே தட்டில் கலந்து வளர்த்தார்கள். இரண்டிலும் தேக்கம் குறைந்தது. ஒவ்வொன்றும் சிந்திய நொதியை மற்றது எடுத்துக்கொண்டது. கோஷே மருந்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு: நொதியின் சர்க்கரைக் கிளைகளைச் செதுக்கி மேனோஸ் நுனி வெளியே தெரியும்படி செய்திருக்கிறார்கள். மேக்ரோஃபேஜின் மேல் மேனோஸைப் பிடிக்கும் ஏற்பி இருப்பதால் மருந்து சரியான செல்லுக்கே போகிறது. மனித நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த முதல் வடிவம் 1991-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செல் வளர்ப்பில் தயாராகும் இமிகுளூசெரேஸ் 1994-ல்.

அளவு பெரும்பாலும் கிலோவுக்கு 60 யூனிட், இரு வாரத்துக்கு ஒருமுறை. 14 கிலோ குழந்தைக்கு 840 யூனிட். மருந்துக் குப்பி (வயல்) ஒன்றில் 400 யூனிட். மூன்றாவது வயலைத் திறந்து 40 யூனிட் எடுத்துவிட்டு மீதியைக் கொட்டுவதைவிட, இரண்டு வயல் கொடுத்தால் கிலோவுக்கு 57 ஆகிறது. பல மையங்கள் இப்படித்தான் செய்கின்றன. 2–8 டிகிரியில் வைத்த வயலில் 10.2 மில்லி ஊசி நீரைச் சுவரோரமாக விட்டு, மெல்லச் சுழற்ற வேண்டும். குலுக்கினால் நுரைத்துப் புரதம் கெடும். பிறகு உப்பு நீரில் கலந்து, 1–2 மணி நேரத்தில் மெதுவாக இறக்குவார்கள். இரண்டு மூன்று தவணை தவறினால் உடனே ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் தவறினால் மண்ணீரல் திரும்பப் பெருக்கும். ஹீமோகுளோபின் முதல் வருடத்துக்குள் ஏறிவிடும், பிளேட்லெட் தாமதிக்கும், எலும்புக்கு வருடங்கள் ஆகும். ஏற்கெனவே செத்த எலும்புப் பகுதி திரும்ப வராது.

மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள தடுப்பை இவ்வளவு பெரிய புரதம் தாண்டாது. அதனால்தான் ஹர்லர் நோயில், சுமார் இரண்டரை வயதுக்கு முன், மூளை இன்னும் கெடாத நிலையில் குருத்தணு மாற்று செய்கிறார்கள்: கொடையாளியின் அணுக்களில் சில மூளைக்குள் குடியேறி அங்கிருந்தே நொதி சுரக்கும். குடியேற மாதங்கள் ஆகும். அதுவரை நோய் நகர்ந்துகொண்டே இருக்கும். குழந்தைகளின் மூளையைச் சிதைக்கும் பேட்டன் நோயில் சி.எல்.என்.2 என்ற வகைக்கு, மூளையின் திரவ அறைக்குள்ளேயே குழாய் பொருத்தி இரு வாரத்துக்கு ஒருமுறை நொதி செலுத்தும் முறை 2017 முதல் அனுமதியில் உள்ளது.

கேள்வி: எங்கள் வீட்டில் தாய்மாமன் திருமணம். முதல் குழந்தைக்கு எம்.பி.எஸ். ஒன்றாம் வகை. அடுத்த குழந்தை? என் தங்கைக்கு மாமன் மகனைப் பேசுகிறார்கள், அது?
– வாசகி, விருதுநகர்

பதில்: எம்.பி.எஸ். ஒன்றாம் வகை என்பது ஹர்லர் நோய் சேர்ந்த வகை. உங்கள் இருவரிடமும் அந்த ஜீனின் பழுதான பிரதி ஒன்று இருப்பது உறுதியாகிவிட்டது. இனி ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. ‘ஒன்றுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பும்’ என்ற கணக்கு கிடையாது.

செய்ய வேண்டிய வரிசை முக்கியம். முதலில் பாதித்த குழந்தையின் ஜீன் மாற்றத்தைக் கண்டுபிடித்து, உங்கள் இருவரிடமும் அதை உறுதிசெய்யுங்கள். கர்ப்பம் ஆன பிறகு தொடங்கினால் நேரம் போதாது. பிறகு கர்ப்பத்தின் 11–13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுச் சோதனை, தவறினால் 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீர்ச் சோதனை. நஞ்சுக்கொடித் திசுவோடு தாயின் திசு ஒட்டி வந்தால் முடிவு பிசகும், அதைப் பிரித்தார்களா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

தங்கை விஷயம்: உங்கள் தங்கைக்குப் பழுதான பிரதி இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. இருந்தால், உறவு மாப்பிள்ளையிடமும் அதே பிரதி இருக்கும் வாய்ப்பு, வெளியார் ஒருவரைவிடப் பல மடங்கு அதிகம். உங்கள் வீட்டு மாற்றம் என்னவென்று தெரிந்துவிட்டால், தங்கைக்கு ஒரே ஒரு ரத்தச் சோதனை போதும். அவரிடம் இல்லையென்றால் இந்த நோயைப் பொறுத்தவரை அந்தச் சம்பந்தத்தில் பயமில்லை. ஜாதகம் பார்க்கும் வாரத்திலேயே இதையும் பார்த்துவிடலாம்.

கேள்வி: மகனுக்கு ஹன்ட்டர் நோய். குடலிறக்க அறுவை, ‘சின்ன ஆபரேஷன், அரைமணி நேரம்’ என்கிறார்கள். எங்கள் ஊரிலேயே செய்யலாமா?
– வாசகர், தர்மபுரி

பதில்: அறுவை சின்னதுதான், மயக்கம் சின்னதல்ல. நாக்கு, அடிநாக்குச் சதை, மூச்சுக்குழல் சுவர் எல்லாவற்றிலும் சர்க்கரைச் சங்கிலிகள் தேங்கித் தடித்திருக்கும். கழுத்து மடங்காது, தாடை திறக்காது. சுவாசக் குழாய் போட முடியாமல் போவதும், போட்ட குழாயை எடுத்தபின் மூச்சு அடைப்பதும் இந்தக் குழந்தைகளில் அறியப்பட்ட ஆபத்து. வளையும் கேமராக் குழாய் வழியாகச் சுவாசக் குழாய் போடப் பழகிய மயக்க மருத்துவரும் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். முன்னதாக எக்கோ, கழுத்து எக்ஸ்ரே, குறட்டை அதிகமென்றால் உறக்கச் சோதனை. காதில் குழாய் வைப்பது, அடினாய்டு எடுப்பது போன்றவை பாக்கியிருந்தால் ஒரே மயக்கத்தில் சேர்த்து முடிக்க முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி: தம்பிக்குச் சிறு வயதிலிருந்து கை கால் எரிச்சல், வியர்க்காது. இப்போது 31 வயதில் சிறுநீரில் புரதம். மாமா டயாலிசிஸில் இறந்தார். தொடர்பு உண்டா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: ஃபேப்ரி என்ற லைசோசோம் நோயைத் தவறாமல் சோதிக்க வேண்டிய குடும்பம் இது. இடுப்பு, தொடைப் பகுதியில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா பாருங்கள். தம்பிக்கு, இந்த நோயில் குறையும் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் நொதிச் சோதனை போதும். உங்களுக்கு அது போதாது: ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களுக்கு நொதி அளவு இயல்பாகக் காட்டியும் நோய் இருக்கலாம், நேராக ஜீன் சோதனைக்கே போங்கள். தம்பிக்கு நோய் உறுதியானால் அவருடைய மகள்கள் எல்லோருக்கும் அந்த ஜீன் போகும், மகன்களுக்குப் போகாது.

கேள்வி: மருந்துச் செலவு கோடியில் போகிறது. அரசு உதவி?
– பலர்

பதில்: 2021-ன் தேசிய அரிய நோய்க் கொள்கையின்கீழ், அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையத்தில் சிகிச்சை பெறுபவருக்கு 50 லட்சம் ரூபாய்வரை உதவி உண்டு. பணம் குடும்பத்தின் கைக்கு வராது. மையத்தின் வழியாகவே மருந்து வாங்கப்படும். அதனால் முதல் வேலை மையத்தில் பதிவு செய்வது. நமக்கு அருகில் பெங்களூரின் மனித மரபியல் மையம் – இந்திரா காந்தி குழந்தைகள் நலக் கழகம், திருவனந்தபுரத்தின் எஸ்.ஏ.டி. மருத்துவமனை ஆகியவை பட்டியலில் உள்ளன. 50 லட்சம் என்பது உச்சவரம்பு. எடை கூடக் கூட மருந்தும் கூடும் என்பதால் வளரும் குழந்தைக்கு அது எத்தனை மாதம் தாங்கும் என்று தொடக்கத்திலேயே மையத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். சொந்தமாக இறக்குமதி செய்பவர்களுக்கு, பட்டியலிலுள்ள அரிய நோய்களின் மருந்துகள்மீது 1.4.2023 முதல் அடிப்படைச் சுங்கவரி இல்லை. அதற்கு மாநிலச் சுகாதார இயக்குநர் அல்லது மாவட்ட மருத்துவ அதிகாரியின் சான்று வேண்டும். மருந்து துறைமுகத்துக்கு வரும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள், குளிர்ப்பெட்டி மருந்து சான்றுக்காகக் காத்துக் கிடக்கக் கூடாது.